ஹீலர் வேணும்

திரையில் ஐந்து பேர் வரிசையாக நின்று ஷாகிராவைப் பார்த்தார்கள். இவர்களில் யாராக இருக்கப்போகிறாய் என்று கேட்டது கேம்.

வாள்காரன், வில்காரன், மந்திரவாதி, ஒளிந்து நடப்பவன். கடைசியில் வெள்ளை அங்கியில் ஒருத்தி.

அடுத்த அறையில் அவள் புருஷன் பாஹிம் இதே கேமுக்குள் இருந்தான். நடுவில் ஒரு கல் சுவர்தான். மதியத்து லுஹர் தொழுகை முடிந்து ஊர் அடங்கிக் கிடந்ததால், அவன் லெப்டொப்பில் தட்டுவது துல்லியமாகக் கேட்டது.

கட்டாரிலிருந்து வந்த நாள் முதல் அவன் அவளோடு ஒரு சொல் பேசவில்லை. சோறு வைத்தால் தின்றான். வைக்காவிட்டால் கேட்கவில்லை. இரவில் ஆற்றுப்பக்க ஜன்னலைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான்.

ஆனால் கேமுக்குள் அவன் பேசுகிறான் என்பதைத் தங்கச்சி றுமானா கண்டுபிடித்து வந்து சொன்னாள். புதியவர்கள் வந்து இறங்கும் ஆரம்ப ஊரின் வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் எதை எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுக்கிறானாம். முன்பின் தெரியாதவர்களிடம் அவ்வளவு பொறுமையாம்.

கேமை ஷாகிராவின் போனில் இறக்கித் தந்ததும் அவள்தான்.

"ஹீலர எடுங்க ராத்தா. சண்ட புடிக்கத் தெரியத் தேவல்ல, பின்னால நிண்டு மருந்து போட்டாப் போதும். ஹீலர் இல்லாம ஒருத்தரும் குகைக்குள்ள போக ஏலா. மச்சானே வந்து கூப்பிடுவாரு. வீட்டுலதான் கூப்பிட மாட்டாரு."

வெள்ளை அங்கிக்காரியைத் தொட்டதும் அவளால் என்னென்ன முடியும் என்று கீழே எழுத்துகள் வந்தன. காயத்தை ஆற்றுவாள். நஞ்சை முறிப்பாள். காய்ச்சலைத் தணிப்பாள்.

ஷாகிரா விரலை எடுத்துக்கொண்டாள்.

மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது பனடோல் கொடுத்துப் படுக்கவைத்தவள் அவள். மாரிகாலத்துக் காய்ச்சல்தானே, விட்டுவிடும் என்று பார்த்திருந்தவள் அவள். ஆஸ்பத்திரியில் டெங்கு என்று சொல்லும்போது பிள்ளையின் உள்ளங்கால்கள் குளிர்ந்துபோயிருந்தன.

அன்றே அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் நடந்தது. வாப்பா வரட்டும் என்று மையித்தை வைத்திருக்க முடியாது. பாஹிம் லீவு கேட்டு, டிக்கெட் எடுத்து வந்து சேர்ந்தபோது மையவாடியில் பிள்ளையின் குழிமேல் மண் காய்ந்திருந்தது. அவன் உள்ளே போகவில்லை. கேற்றடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான்.

நாளை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஆட்கள் பேச வருகிறார்கள். வாய் திறக்காத மருமகனை எத்தனை காலத்துக்கு வைத்திருப்பது என்று ஷாகிராவின் வாப்பா அவர்களிடம் முறையிட்டிருந்தார். வீடு அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. பிரித்துவைத்தால், பையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியவன் அவன்தான்.

அதற்கு முன் அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும்.

பிள்ளை போனது அவளால்தான் என்று அவன் நினைக்கிறானா?

மனைவியிடம் சொல்லாததை முகம் தெரியாத ஒருத்தியிடம் சொல்லக்கூடும்.

மற்ற நான்கு பேரையும் அவள் திரும்பப் பார்த்தாள். வாள்காரனாகப் போனால் கூட்டத்தில் ஒருத்தன். ஒளிந்து நடப்பவனாக இத்தனை மாதமும் இந்த வீட்டுக்குள் இருந்தாயிற்று.

கண்ணை மூடிக்கொண்டு வெள்ளை அங்கிக்காரியை அழுத்தினாள். பெயர் கேட்டதற்கு வாயில் வந்த ஏதோ ஒரு பெயரைக் கொடுத்தாள்.

ஒரு வெளிச்சம் வந்து போனது. அவள் ஒரு கல் வாசலின் முன்னால் நின்றாள்.

இரும்புக் கவசம் அணிந்த ஓர் உயரமான உருவம் ஹீலர் வேணும் என்று எழுத்தில் கூவிக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேலே ஆங்கில எழுத்தில் பெயர் மிதந்தது.

ஹனாட வாப்பா.

மகளின் அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. ஷாகிரா திரையை விரலால் ஒருமுறை துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

அவனே கிட்ட வந்தான். தமிழா என்று கேட்டான். எந்த ஊர் என்று கேட்டான். ஏறாவூர் என்று எழுதினாள்.

முதலில் சுவருக்கு அப்பால் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவள் கையில் சொற்கள் வந்தன.

"நானும் ஏறாவூர்தான். இப்ப கட்டார்ல நிக்கிறன்."

பொய் சொல்கிறான் என்று முதலில் நினைத்தாள். குடும்பம் எங்கே என்று கேட்டாள்.

"ஊர்ல. பொஞ்சாதியும் மகளும். மகள் ரெண்டாம் ஆண்டு படிக்கா."

கேட்காமலே மேலும் எழுதினான். மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டதாம். போனில் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறாளாம். இந்த முறை லீவில் வரும்போது சைக்கிள் வாங்கித்தரச் சொல்லியிருக்கிறாளாம். மற்றப் பக்கம் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. சந்தோசமாக இருக்கிற ஒருவன் தட்டுகிற வேகம் அது.

எழுந்து போய்க் கதவைத் திறக்கலாம். சுவரில் ஒரு தட்டுத் தட்டினாலும் போதும்.

ஷாகிரா இரண்டையும் செய்யவில்லை. எழுத்துகளைப் பிழையாகத் தட்டி, அழித்து எழுதி, தான் கேட்க வந்ததைக் கேட்டாள். நீங்கள் அவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள், இங்கே பிள்ளைக்கு ஒரு நோய் நொடி வந்தால் என்ன செய்வீர்கள்?

தட்டும் சத்தம் நின்றது.

மின்விசிறி சுற்றுவது கேட்டது. ஒரு கதிரை நகர்ந்தது. பிறகு, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக அவன் தட்டத் தொடங்கினான்.

"அவட உம்மா இருக்கா. அவ இருக்கிறவரைக்கும் பிள்ளைக்கு ஒண்டும் ஆகாது."