இடம் தாராளம்

“பார்க்கிறவங்க கண்ணு கூசணும், ஷம்சியாக்கா. நாளைக்கு அதிகாரி வரப்போ ஒரு மிட்டாய்த் தாள்கூட தரையில கிடக்கக் கூடாது.”

கையில் துடைப்பத்தோடு நின்று சொன்னார் காளிதாசன். கரங்கான் ஊரில் டயர் கடை வைத்திருப்பவர். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ‘யார் தலைவர்?’ என்று கேட்டபோது மற்றவர்கள் எல்லாம் குனிந்து கைப்பேசியைப் பார்க்க, இவர் மட்டும் கொட்டாவி விட நிமிர்ந்துவிட்டார். அப்படித்தான் பதவி வந்தது. இதை அவரே ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்.

பள்ளி கட்டிய காலத்தில் சுற்றிலும் ரப்பர் மரங்கள். இப்போது சுற்றிலும் வீடுகள். பிள்ளைகள் பெருகிவிட்டார்கள், அறைகள் பெருகவில்லை. நடைபாதையில் வகுப்பு நடந்தது, சிற்றுண்டிச்சாலையில் நடந்தது. காளிதாசனின் மகள் காஞ்சனா படிக்கும் தமிழ் இலக்கிய வகுப்பு மாடிப்படிக்கு அடியில் நடந்தது. அறை கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு அந்த வகுப்பையே நிறுத்த வேண்டியிருக்கும் என்று முதல்வர் வருத்தத்தோடு சொல்லிவிட்டார். புதிய கட்டடத்தை எந்தப் பள்ளிக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யத்தான் அதிகாரி வருகிறார்.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கிழிந்த பாயை உள்ளே தள்ளிவிட்டு நல்ல பாயை விரிப்பதில்லையா? காளிதாசனும் அதையேதான் செய்தார். அறையில்லாத வகுப்புகளை எல்லாம் அதிகாரி போகும் வரை எதிரே இருக்கும் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் உட்கார வைப்பதென்று முதல்வரைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார்.

சிற்றுண்டிச்சாலை நடத்தும் ஷம்சியாவிடமும் திட்டத்தை விளக்கினார்.

“நல்லா யோசிச்சுத்தான் செய்றீங்களா தம்பி?”

“மானம்னு ஒன்னு இருக்குலா, அக்கா.”

அதற்கு மேல் ஷம்சியா வாதாடவில்லை. அதிகாரிக்கான சாப்பாட்டைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் சமையலறையை எட்டிப் பார்த்த காளிதாசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுப்புகளில் பெரிய பெரிய தேக்சாக்கள் கொதித்துக்கொண்டிருந்தன. வரப்போவது ஒரே ஓர் அதிகாரி. அதுவும் கோழி பிரியாணிக்குக் கூலிம் நகரம் வரை பேர்போன ஷம்சியா, பருப்பையும் கத்தரிக்காயையும் கிண்டிக்கொண்டிருந்தார்.

“கோழி எங்கக்கா?”

“இன்னைக்கு சைவம் தம்பி. எல்லாருக்கும் ஒத்துக்கும்.”

அக்காவுக்கு வயதாகிவிட்டது, அளவும் மறந்துபோச்சு, சமையலும் மறந்துபோச்சு என்று கவலைப்பட்டபடியே காளிதாசன் வாசலுக்கு ஓடினார்.

‘புவான்’ என்று மரியாதையோடு வரவேற்றவர்களிடம் அதிகாரி தலீலா அம்மையார் அழகாகத் தமிழ் பேசினார். அலோர் ஸ்டார் நகரில் அவருடைய அப்பாவுக்குத் தமிழர்கள் நிறைய வந்துபோகும் துணிக்கடையாம். காளிதாசன் அவரை ஓர் அரண்மனையைச் சுற்றிக் காட்டுவதுபோல் அழைத்துப் போனார். நடைபாதை காற்றாட விரிந்து கிடந்தது. மாடிப்படிக்கு அடியில், அவர் வீட்டிலிருந்து தூக்கி வந்த பூச்சட்டி சிரித்தது.

“ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க,” என்றார் தலீலா.

காளிதாசன் வெட்கத்தில் நெளிந்தார்.

“இடமும் தாராளமா இருக்கு. மத்த பள்ளிகள்ல கால் வைக்க முடியல. அந்தக் கட்டடத்தை அவங்களுக்கே குடுத்துடலாம். நீங்க ஒன்னும் நினைச்சுக்க மாட்டீங்கதானே?”

காளிதாசனின் நெளிவு பாதியில் நின்றது. இல்லை என்று தலையாட்டுவதா, ஆமாம் என்று தலையாட்டுவதா என்று தெரியாமல் தலை வட்டமாகச் சுற்றியது. மகளின் வகுப்பைத் தன் கையாலேயே துடைத்து எடுத்துவிட்டார். மிச்சம் பூச்சட்டிதான்.

அப்போதுதான் ஷம்சியா வந்தார். “சாப்பாடு தயாரா இருக்கும்மா, வாங்க.”

சிற்றுண்டிச்சாலைப் பக்கம் திரும்பிய தலீலாவின் கையைப் பிடித்து வாசல் பக்கம் நடத்தினார். “இங்க இல்லம்மா. தம்பி கஷ்டப்பட்டுத் தொடச்சு வச்சிருக்காரு, குழம்பு சிந்திடும். எதிர்ல கோயில் மண்டபத்துல போட்டிருக்கேன்.”

காளிதாசன் கண்ணைச் சிமிட்டினார். புருவத்தை உயர்த்தினார். இரண்டு தடவை இருமினார்.

“கண்ணுல தூசியா தம்பி? தண்ணி ஊத்திக் கழுவுங்க,” என்று சொல்லிவிட்டு ஷம்சியா சாலையைக் கடந்தார்.

மண்டபத்துக் கதவு திறந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை. மணமேடையின் சிவப்பு நாற்காலிமேல் சாய்த்து வைத்த பலகையில் கணக்கு ஓடியது. ஒரு மூலையில் வரலாறு, தூணுக்குப் பின்னால் அறிவியல். வாசலை ஒட்டித் தரையில் தமிழ் இலக்கியம். முதல் வரிசையில் காஞ்சனா.

“ஏம்மா இங்க உட்கார்ந்து படிக்கிறீங்க?” என்று தலீலா அவளிடம் கேட்டார்.

“எங்களுக்கு வகுப்பறை இல்ல, புவான். தினமும் மாடிப்படிக்குக் கீழதான். இங்க பரவால்ல, மேல காத்தாடி சுத்துது.”

தலீலா மூலைக்கு மூலை வகுப்புகளை எண்ணினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் காஞ்சனாவின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். இலைகள் விரிந்தன. தேக்சாக்கள் வந்தன. காளிதாசன் வாளியைத் தூக்கிக்கொண்டு தால்ச்சாக் குழம்பு ஊற்றப் போனார்; ஊற்றுகிறவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை என்ற தைரியம்தான்.

ஆனால் தலீலா பார்த்துவிட்டார்.

“தலைவரே, என் அறிக்கையில உங்க பள்ளிதான் முதல்ல. மூனு மாடி. அதுல ஓர் அறை தமிழ் இலக்கியத்துக்குன்னு தனியா எழுதிடறேன். ஆறாம் படிவம்னு மேல்வகுப்பும் கேட்கலாம். ஆனா அடுத்த தடவை நான் வரப்போ தயவு செஞ்சு கூட்டிப் பெருக்காதீங்க.”

மண்டபமே கைதட்டியது. அதிகாரி ஏறிப்போன காடி கண்ணுக்கு மறையும் வரை கையாட்டிக்கொண்டிருந்த காளிதாசன், கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷம்சியாவிடம் வந்தார். இப்போது உண்மையாகவே கண்ணில் ஏதோ இருந்தது.

“நல்லவேளை அக்கா, பிள்ளைங்க மண்டபத்துல இருக்கிறதை நீங்க மறந்துட்டீங்க.”

ஷம்சியா காலித் தேக்சாவைக் கவிழ்த்து வைத்தார்.

“மறந்தேனா? அம்மன் மண்டபத்துக்குள்ள கோழியைக் கொண்டு போக முடியாதேன்னுதான் தம்பி, அத்தனை பிள்ளைக்கும் சேர்த்து நேத்தே பருப்பை ஊறப் போட்டேன்.”