பாமா வேண்டிக்கொண்டது

“கீழே விழுந்தது யாருடைய குச்சி?”

டிரம் குழுவின் தலைவர் ஸ்டைனர், மைதானத்தில் நின்ற வரிசையைப் பார்த்துக் கேட்டார்.

“என்னுடையது” என்றான் ரகுநாதன்.

கேட்டிருக்கவே வேண்டாம். நீலக் கோட்டும் வெள்ளைக் கால்சட்டையும் இறகு வைத்த தொப்பியுமாக எல்லாரும் இரண்டு குச்சியோடு வாசித்து முடிக்க, அவன் மட்டும் ஒற்றைக் குச்சியால் தட்டிக்கொண்டிருந்ததை ஊரே பார்த்தது.

போட்டியில் குச்சி விழுந்தால் புள்ளி போச்சு. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஊர்க் குழுவுக்கு வந்திருக்க வேண்டிய கோப்பையைப் பக்கத்து ஊர்க்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் ரகுநாதன். குச்சியை விட்டவருக்குக் குழுவில் இடமில்லை. யூனிபாரத்தைத் துவைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிடு.”

“சரி.”

வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில், சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு நின்ற பாமாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. பக்கத்தில் நின்ற சிநேகிதி நாகலட்சுமி சும்மா இருப்பாளா?

“என்ன பாமா, உன் வீட்டுக்காரர் கையிலே வெண்ணெயைத் தடவிக்கிட்டு வந்தாரா?”

பாமா முகத்தை மைதானத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

குளிர்காலம் பூரா சனிக்கிழமை தவறாமல் ஒத்திகை. பொங்கலன்றுகூடப் பொங்கலை ஆறவிட்டு ஓடினவர்! சின்ன வயதில் மிருதங்கம் கற்றுக்கொண்ட கை. அந்தக் குழுவில் இருக்கிற ஒரே இந்தியர் இவர்தான் என்று ஊருக்கெல்லாம் கடிதம் போட்டிருந்தாளே பாமா!

கை வியர்த்துக் குச்சி வழுக்குகிறது என்று சொன்னதற்காக, தன் கிளிப்பச்சைச் சேலையிலிருந்து ஒரு கீற்றுக் கிழித்து, இரண்டு குச்சியின் அடியிலும் சுற்றிக் கொடுத்ததும் அவள்தான்.

“நல்ல சேலை போச்சு” என்று முணுமுணுத்தபோது அவன் சிரித்தான்.

“வெளியே தெரிஞ்சா யூனிபாரம் சரியில்லைன்னு புள்ளியைக் குறைப்பாங்க. கைக்குள்ளேயே மறையற மாதிரி சுத்து.”

இன்று காலை விளக்கேற்றி வேண்டிக்கொள்ளவும் செய்தாள். “பிள்ளையாரப்பா, இவர் கையிலேருந்து குச்சி நழுவாமப் பாத்துக்கோ. கொழுக்கட்டை பண்ணி வைக்கிறேன்.”

டிராமில் வீடு வந்து சேரும்வரை அடக்கிக்கொண்டவள், கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தாள்.

“குச்சியைக் கொண்டாங்க. அந்தத் துணியைப் பிரிச்சு எறியறேன். சேலையைக் கிழிச்சும் பிரயோஜனமில்லே!”

“விடு பாமா” என்று குச்சிப் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான் ரகுநாதன். “விழுந்துடுச்சு. என்ன பண்றது?”

“நாலு பேர் சிரிக்கிறாங்க. உங்களுக்குக் கொஞ்சமாவது வருத்தம் இருக்கா?”

அவன் சீட்டியடித்துக்கொண்டே கோட்டுப் பித்தான்களைக் கழற்றினான்.

பாமா பிள்ளையார் படத்தைப் பார்த்தாள். “உனக்கும் கொழுக்கட்டை கிடையாது, போ.”

வாசல் மணி அடித்தது.

வெளியே வீலாண்ட் தாத்தா. வரிசையில் ரகுநாதனுக்குப் பக்கத்தில் நின்று வாசிப்பவர். கோட்டைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்.

‘இவர் வேறே திட்ட வந்துட்டாரா?’ என்று பாமா நினைப்பதற்குள், அவர் ரகுநாதனின் கையைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று பேச ஆரம்பித்தார். அவ்வளவு வேகமான ஜெர்மன் பாமாவுக்குப் பிடிபடவில்லை.

“என்னங்க சொல்றார்?”

“ஒண்ணுமில்லே. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தாராம்.”

“சும்மா பாக்க வந்தவர் எதுக்கு அழறார்?”

வீலாண்ட் கோட்டுக்குள்ளிருந்து ஒரு குச்சியை எடுத்தார். அதை ரகுநாதனிடம் தரவில்லை. இரண்டு கையாலும் பாமாவிடம் நீட்டினார்.

குச்சியின் அடியில் கிளிப்பச்சைத் துணி.

பாமா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தான் போட்ட முடிச்சு அவளுக்குத் தெரியாதா?

“இது எப்படி இவர்கிட்டே?”

இனி மறைக்க முடியாது. ரகுநாதன் தலையைச் சொறிந்தான்.

“அவருக்கு இப்பல்லாம் கை நடுங்குது பாமா. குச்சி விழுந்துடுச்சு. பக்கத்திலே நான்தானே இருந்தேன்... அவர் பொண்டாட்டி முன்னாலே உட்கார்ந்து கைதட்டிக்கிட்டு இருந்தாங்க. அதான், என்னோடதை அவர் கையிலே திணிச்சுட்டேன்.”

“அப்ப ஏன் இவர் வாயைத் திறக்கலை?”

“வாய் வரலையாம். மனசு கேக்காம இப்போ ஸ்டைனர்கிட்டே போய் எல்லாத்தையும் சொல்லிட்டு வர்றாராம். சனிக்கிழமை என்னை ஒத்திகைக்கு வரச் சொன்னாராம் ஸ்டைனர்.”

“இவரை?”

“இவர் இனிமே கொடி பிடிக்கணுமாம்.”

பேச்சு எதைப் பற்றி என்று வீலாண்டுக்குப் புரிந்துவிட்டது. கொடிக்கம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பதுபோல் பிடித்துக் காட்டி, அது நழுவித் தன் தலையிலேயே விழுவதுபோல் நடித்தார். அழுத கண்ணோடு சிரித்தார்.

பாமாவும் சிரித்துவிட்டாள். உடனே கணவன் பக்கம் திரும்பினாள்.

“என்கிட்டேகூடச் சொல்லக் கூடாதாக்கும்?”

“சொன்னா நீ நாகலட்சுமிகிட்டே சொல்லாம இருப்பியா?”

பாமா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அவரை உட்காரச் சொல்லுங்க. கொழுக்கட்டை பண்ணப் போறேன்.”

“கோப்பையும் போச்சு. இப்ப எதுக்குக் கொழுக்கட்டை?”

“நான் கோப்பைக்கு வேண்டிக்கலையே. உங்க கையிலேருந்து குச்சி விழக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டேன்” என்றாள் பாமா. “விழவே இல்லையே!”