இரண்டாவது கோப்பை நண்டுச்சாறு

அம்மா, பயப்படாதீங்க, இப்போது மூச்சு நன்றாக வருகிறது. முல்லைத்தீவில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருக்கிறேன். ஜன்னல் வெயிலில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். பணியாரம்போல் எழும்பிய தடிப்புகள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. தொடையில் ஊசி ஏறிய இடம் மட்டும் கடுக்கிறது. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுப் புனிதம் அக்கா பக்கத்துக் கதிரையில் செபமாலையை உருட்டாமல் இறுக்கிப் பிடித்தபடி நர்ஸிடம் சொல்கிறார்: "சளிக்கெண்டுதான் மிஸ்ஸி நண்டுச்சாறு குடுத்தனான். முகம் சிவக்க, சாறு வேலை செய்யுதெண்டு இன்னொரு கோப்பையும் குடுத்திட்டன்." நர்ஸ் என் நாடியைப் பிடித்தபடி சொல்கிறார்: "நண்டை எதிரியெண்டு நினைச்சு, தம்பியின்ர உடம்பில காவலுக்கு இருக்கிற மாஸ்ட் கலங்கள் உள்ள இருந்த இரசாயனத்தையெல்லாம் கொட்டிப்போட்டுது. அதாலதான் வீக்கம். ஊசி அதை அடக்கி மூச்சைத் திறந்திட்டுது. இனி நண்டு, றால் வாயில வைக்கக் கூடாது." "கடற்கரையில இருந்துகொண்டு இவனுக்கு நான் என்னத்தைச் சமைக்கிறது?" "பருப்புக் காய்ச்சுங்கோ." நர்ஸ் சிரிக்கிறார். அக்கா சிரிக்கவில்லை, என் வாயையே பார்க்கிறார். வாய் நிறைய வீங்கியிருந்த நாக்கு சுருங்கியிருக்கிறது. "பருப்பே போதும்க்கா" என்கிறேன். என் குரலைக் கேட்ட பிறகுதான் அவர் விரல்களில் செபமாலை மெதுவாக நகரத் தொடங்குகிறது.