கடைசி டிஸ்க்

"டிஸ்க்குல இங்கிலீஷ்ல இருபது பாகம்னு தெளிவா போட்டிருக்கு. நீங்க பதினெட்டுதான் குடுத்திருக்கீங்க. படிக்கத் தெரியாதவங்கன்னா ஏமாத்திடலாமா?"

பாலக்கரை சிடி கடையில் அன்புக்கரசி டீச்சர் நியாயம் கேட்டார். மூன்று மாதத்துக்கு முன்பு வீரம்மாள் வீட்டு மாடிக்குக் குடிவந்தவர்.

பக்கத்தில் வீரம்மாள் கூச்சத்தோடு நின்றாள். பீங்கான் கம்பெனியில் பொம்மைக்குச் சாயம் பூசும் வேலை. பொழுது சாய்ந்தால் வீட்டில் அவளும் டிவியும்தான். ஒரு வாரமாக, தமிழில் பேசும் கொரியா நாடகம் ஒன்று துணைக்கு இருந்தது. கப்பல் வேலைக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் கதை.

கடைக்காரர் சாமிதுரை நிமிரவில்லை. "கம்பெனியே அவ்ளோதான் அனுப்புச்சி டீச்சர்."

"அட்டையில 'பிரிந்தவர் கூடும் குடும்பச் சித்திரம்'னு போட்டிருக்கே. எங்க கூடுனாங்க?"

"போனாப் போவுது, வாங்க டீச்சர்" என்று வீரம்மாள் படியிறங்கி ரோட்டோரம் போய் நின்றாள்.

சாமிதுரை டிராயரிலிருந்து ஒரு டிஸ்க்கையும் பழைய அட்டையையும் எடுத்து வைத்தார். "இதான் ஒரிஜினல் அட்டை. படிங்க."

'திரும்பி வராத கணவனுக்காக ஒரு பெண் சிந்தும் கண்ணீர்' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"வெளிநாட்டுல அழுவ வைக்கும்னு சொன்னா விக்குதாம். இங்க பொம்பளைங்க மொதல்ல கேக்குறதே, கடைசியில சேந்துடுவாங்களான்னுதான். அதான் தமிழ்ல வேற அட்டை அடிச்சேன். அது யாவாரம்."

"கடைசி டிஸ்க்க ஒளிச்சு வச்சது?"

"மத்தவங்களுக்கு முழுசாத்தான் குடுக்குறேன். இவங்களுக்கு மட்டுந்தான் குடுக்கல. கதையில அந்தப் புருஷன் கடைசியில வேற ஒருத்தியோட குடும்பம் நடத்துறான்."

"அதனால என்ன?"

"இவங்க வூட்டுக்காரரு மலேசியா போயி ஆறு வருஷம் ஆவுது. கடைசியா போன் வந்து நாலு வருஷம். உங்ககிட்ட சொல்லலீங்களா?"

மாசாமாசம் பேசுகிறார் என்றுதான் வீரம்மாள் சொல்லியிருந்தாள்.

டீச்சர் டிஸ்க்கைச் சாமிதுரை பக்கமே நகர்த்தினார். அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன டீச்சர் சொன்னாரு?"

"கம்பெனி அனுப்பலியாம்க்கா. ஆனா கதை முழுசும் இதுல எழுதியிருக்கு."

வீரம்மாள் அட்டையையே பார்த்தாள். "அவன் வந்துடுறானா?"

டீச்சர் அந்த ஆங்கில வரியின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக நகர்த்தியபடி படித்துக் காட்டினார்.

"பொண்டாட்டியத் தேடி, கடைசிக் கப்பல்ல வந்து எறங்குறான்னு போட்டிருக்குக்கா."