மிச்சமான வெள்ளித் தாள்

சூரிய கிரகணம் தொடங்கக் கால் மணி நேரம் இருந்தது. ஆல்பர்ட் செய்து கொடுத்த அட்டைக் கண்ணாடிகளோடு குடியிருப்புக்காரர்கள் பதினோரு பேர் மொட்டைமாடியில் நின்றார்கள். வெட்டியதுபோக மிச்சமிருந்த வெள்ளித் தாளை அவன் விரித்து மடித்தபோது, அதற்குப் பின்னால் எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த சேலை மங்கலாகத் தெரிந்தது. சூரியனைப் பார்ப்பதற்கான தாள் வழியே சூரியனைத் தவிர எதுவும் தெரியக்கூடாது.

"ஜெசி, பீரோவிலேர்ந்து எந்தச் சுருளை எடுத்துத் தந்த?"

"பளபளன்னு இருந்ததை. ரெண்டும் ஒண்ணுதானே?" என்றாள் மனைவி.

ஒரு சுருள்தான் சூரியனுக்கானது; இன்னொன்று பரிசுப்பொருள் சுற்ற வாங்கியது. செல்போன் விளக்கைத் தாளின் பின்னால் வைத்துப் பார்த்தான். வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

"யாரும் மேல பாக்காதீங்க!"

கண்ணாடியை நெற்றிவரை உயர்த்தியிருந்த கீழ்வீட்டு சங்கரவடிவின் கையைப் பாய்ந்து தட்டிவிட்டான்.

"என்ன தம்பி இது?"

"மன்னிச்சிருங்கக்கா. தாள் மாறிப்போச்சு. பாத்தா கண்ணு போயிரும்."

நல்லவேளை, ஒருவரும் பார்த்திருக்கவில்லை. பதினோரு கண்ணாடிகளையும் வாங்கி எண்ணினான். எல்லோரும் முணுமுணுத்தபடி இறங்கிப் போனார்கள். ஜெசிந்தா மட்டும் நின்றாள்.

"காலையில நீங்க இதைப் போட்டுச் சூரியனைப் பாத்தீங்களே. எவ்வளவு நேரம்?"

அவன் கண்ணாடிகளை மறுபடியும் எண்ணத் தொடங்கினான். அவள் உள்ளங்கையால் அவனுடைய இடது கண்ணை மூடினாள்.

"என்னைப் பாருங்க. தெரியுதா?"

அவளுடைய தோள் தெரிந்தது. காதோரத் தோடு தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறமாக ஏதோ அசைந்தது.

"நல்லாத் தெரியுது. பயப்படாத," என்றான்.