பக்கம் திருப்பிய கை

எங்கள் இசைக்குழுவில் எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை ஒளிரும். மனம் அமைதியாக இருந்தால் பச்சை, பதறினால் சிவப்பு. அடிக்கடி சிவப்பவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள். என் தகப்பனார் காலம் முதல் வயலினில் முன்வரிசை எங்கள் குடும்பத்துடையது. இப்போது அங்கே நானும் மருமகள் ரெஜினாவும் ஒரே இசைத்தாளைப் பார்த்து வாசிக்கிறோம். முந்தைய கச்சேரிகளில் அவள் பட்டை பலமுறை சிவந்திருந்தது; அன்றைய கச்சேரியிலும் சிவந்தால் அவள் இடம் போய்விடும்.

"நம்ம வீட்டுப் பேரைக் கெடுத்துடாதம்மா" என்றேன் கச்சேரி தொடங்குமுன்.

"வாசிக்கிறப்ப பச்சைதான் மாமா. பக்கம் திருப்புறப்பதான் சிவக்குது. நீங்க உச்சுக் கொட்டுறீங்களே!"

"நேரத்துக்குத் திருப்பினா நான் ஏன் கொட்டப்போறேன்?"

"நேரத்துக்குத்தான் திருப்புறேன். உங்களுக்குத்தான் அவசரம்."

பக்கம் திருப்புவது இளையவர் வேலை. மூத்தவர் வாசிக்கும் வில்லை நிறுத்துவதில்லை. என் தகப்பனார் ஒருநாளும் நிறுத்தியதில்லை.

மேடை ஏறினோம். தாளின் கடைசி வரி வந்தது. அவள் கை எழுமுன் நான் வில்லை இறக்கிப் பக்கத்தைத் திருப்பினேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு வாசித்துக்கொண்டே போனாள். அவள் பட்டை பச்சையாகவே இருந்தது.

என்னுடையது சிவந்தது. சபை முழுவதும் பார்த்தது. நான் சட்டைக் கையை இழுத்து மூடவில்லை.