பனிமேல் நிற்கும் குரங்கு

சுகாரு மலையடியில், தோட்டத்துக் கடைசி ஆப்பிள் மரத்தின் பட்டையை ஒரு பெண்குரங்கு கடித்து உரித்துக்கொண்டிருக்கிறது. வயிற்றோடு தொங்கும் குட்டியின் முதுகில் பொடிப்பனி. காட்டில் இலையுமில்லை, காயுமில்லை. குளிர்காலத்துக்குப் பட்டைதான் சோறு. மற்ற பதினோரு மரங்களிலும் பட்டை வளையமாகப் போய், உள்மரம் எலும்பு மாதிரி வெளுத்துத் தெரிகிறது. சுற்றிலும் பட்டை போன மரம் பிழைக்காது. மரம் போனால் கிழவர் கிசாகுவுக்கும் பெண்டாட்டி ஹருயோவுக்கும் வேறு பிழைப்பில்லை. பனி விழுமுன் ஒவ்வொரு மரத்துக்கும் மார்பு உயரத்துக்கு வைக்கோல் சுற்றியவர் கிசாகுதான். தரையில் நின்று அளந்தார். இப்போது வைக்கோல் பனிக்குள் புதைந்து கிடக்க, குரங்கு இறுகிய பனிமேல் வசதியாக நின்று அதற்கு மேலே கடிக்கிறது.

“ஏணி போட்டுக் குடுத்த மாதிரில்ல ஆயிப்போச்சு! எழுபது வருசமாப் பனியப் பாக்கிறீரு, அளக்கத் தெரியலையா மனுசா?” என்கிறாள் ஹருயோ.

“தெரியல. இப்ப என்னங்கிற?”

“தகரத்தயாவது தட்டுமேன்.”

தட்டுகிறார். சத்தத்தைப் பனி விழுங்குகிறது. குரங்கு திரும்பிப் பார்க்கிறது, பல்லைக்கூடக் காட்டவில்லை. பசித்த வயிறு தகரத்துக்கா பயப்படும்? மிச்சமிருந்த இரண்டு விரல் பட்டையையும் பிடித்து இழுக்கிறது. வளையம் முடிந்துபோகிறது.

ஹருயோ பக்கத்து மரத்தின் கிளையை வளைத்து நுனியைத் தடவுகிறாள்.

“மொட்டு இருக்குதே. பூக்காதா?”

“பூக்கும்,” என்கிறார் கிசாகு. “செத்துட்டோம்னு மரத்துக்கு இன்னும் தெரியாதுல்ல.”